நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை மணலில் நடப்பது எப்படி?

சென்னைக் கடற்கரையில் மொத்தம் சுமார் 6 கிலோமீட்டர். நீலாங்கரை, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர், பெசன்ட் நகர் என்று ஐந்து கடற்கரைகள். முதல் தடவை பாதியிலேயே ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். இரண்டாம் தடவைதான் முடித்தேன்.

1. நாள் பார்ப்பது

நான் கோட்டை விட்டது இங்கேதான். பௌர்ணமியன்று போனால் அழகாக இருக்கும் என்று கிளம்பினேன். எட்டு மணிக்குள் தண்ணீர் படகுகள் வரை ஏறிவிட்டது. ஈரமான கெட்டி மணல் முழுக்க உள்ளே போய்விட, மேலே இருந்த பொலபொல மணலில், அதுவும் சரிவில் நடக்க வேண்டியதாயிற்று. வடக்கே நடக்கும்போது கடல் வலப்பக்கம். வலது கால் எப்போதும் பள்ளத்தில். கொட்டிவாக்கத்தில் முட்டி கெஞ்ச ஆரம்பித்தது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகமாக ஏறி இறங்கும். அஷ்டமி வாக்கில் அந்த ஏற்ற இறக்கம் குறைவு. அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பார் என் அம்மா. இந்த நடைக்கு அதுதான் நல்ல நாள். செயலியெல்லாம் வேண்டாம், வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். மாதம் என்றால் தை, மாசி.

2. கடலுக்கு இறங்குவது

விடியும்போது நீலாங்கரையில் இருங்கள். ஈ.சி.ஆரிலிருந்து (கிழக்குக் கடற்கரைச் சாலை) கிழக்கே போகும் தெருவெல்லாம் கடலுக்குப் போகும் என்று நம்பாதீர்கள். நான் இரண்டு பங்களா கேட்டில் முட்டித் திரும்பினேன். "பீச் எங்கே" என்று கேட்காமல் "குப்பம் எங்கே" என்று கேளுங்கள். குப்பம் என்றால் மீனவர் குடியிருப்பு, அந்த வழி கட்டாயம் கடலுக்குப் போகும்.

3. நடப்பது

ஷூ வேண்டாம், மணல் நிரம்பும். வெறுங்காலும் வேண்டாம், கண்ணாடிச் சில்லு கிடக்கும். பின்வார் வைத்த சாண்டல்தான் என் கட்சி. தொப்பி காற்றில் பறக்கும், துண்டு பறக்காது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர்.

குப்பங்களில் விரித்திருக்கும் வலையைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள். சில இடங்களில் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை என்றால் மணலில் டிராக்டர் டயர் தடம் மாதிரி ஒன்று கடலிலிருந்து மேலேறித் திரும்பியிருக்கும். முட்டையிட வந்த பங்குனி ஆமை. தோண்டிப் பார்க்காதீர்கள். அதே மாதங்களில் செத்து ஒதுங்கிய ஆமைகளையும் பார்க்க நேரும். குழந்தைகளிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

முழங்காலுக்கு மேல் கடலில் இறங்க வேண்டாம். பெசன்ட் நகரில் வெள்ளையாக நிற்கிறதே ஷ்மிட் நினைவகம், அது 1930-இல் மூழ்கிக்கொண்டிருந்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரருக்கு எழுப்பியது. வளைவுகளுக்குக் கீழே நின்று போட்டோ எடுப்பவர்கள் பலருக்கு இது தெரியாது.

4. முடிப்பது

ஷ்மிட் நினைவகத்தோடு நிறுத்துங்கள். வடக்கே ஊரூர் குப்பம் தாண்டினால் அடையாறு முகத்துவாரம். அங்கே "உடைந்த பாலம்" என்று ஒன்று உண்டு, பெயருக்கேற்றபடிதான் இருக்கிறது, கடக்க முடியாது. பஸ், கழிப்பறை, இட்லி மூன்றும் பெசன்ட் நகரில் உண்டு. எதிர்த்திசையில் நடக்க வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

பின்சேர்க்கை: சின்னப் பிள்ளைகளோடு போகலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். முழுசாக வேண்டாம். திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி, ஆட்டோவில் கடற்கரை போய், அங்கிருந்து பெசன்ட் நகர் வரை மட்டும் நடங்கள். அப்புறம், மாற்றுத் துணி இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பிள்ளைக்கு. இன்னொன்றும் பிள்ளைக்குத்தான்.