ஒரு கோட்டை நகர்த்தி மீமேற்பரப்பின் கூறுகளைக் கண்டறியும் முறை

ஒரே பல்லுறுப்புக்கோவைச் சமன்பாட்டால் வரையறுக்கப்படுவது மீமேற்பரப்பு; அது பல கூறுகள் சேர்ந்ததாக இருக்கலாம். எடுத்துக்காட்டாக, ஒரு கோளத்தின் சமன்பாட்டையும் ஒரு தளத்தின் சமன்பாட்டையும் பெருக்கி விரித்தால், இரு கூறுகளையும் மறைத்துக்கொண்ட மூன்றாம் படிப் பல்லுறுப்புக்கோவை கிடைக்கும்.

அவற்றைப் பிரித்தறிய, கலப்பெண் குணகங்களுடைய ஒரு கோட்டைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்து அந்தப் பல்லுறுப்புக்கோவையில் பிரதியிடுங்கள். மெய்யெண் கோடு கோளத்தைத் தொடாமலே போகலாம் என்பதால் கலப்பெண்களைத் தவிர்க்கக் கூடாது. கிடைக்கும் மூலங்களின் எண்ணிக்கையான 3, மேற்பரப்பின் படியாகும். பிறகு கோட்டைச் சிறு அடிகளாக நகர்த்தி, ஒவ்வோர் அடியிலும் நியூட்டன் முறையால் (தோராய மூலத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தி உண்மை மூலத்தை நெருங்கும் முறை) மூலங்களைத் திருத்தியபடி, புறப்பட்ட இடத்துக்கே சுற்றிக் கொண்டுவாருங்கள். சில சுற்றுகளில் கோளத்தின் இரு புள்ளிகளும் இடம் மாறிக்கொள்ளும். தளத்தின் புள்ளி எப்போதும் தன் இடத்துக்கே திரும்பும். அடி அகலமானால் ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் ஆபத்து உண்டு. திருத்தம் விரைந்து ஒருங்காவிட்டால் அடியைப் பாதியாக்குங்கள்.

தமக்குள் இடம் மாறிக்கொள்ளும் புள்ளிகள் ஒரே கூறைச் சேர்ந்தவை; அவற்றை ஒரு குழுவாகக் கொள்ளுங்கள். ஆனால் ஒரு புள்ளி இடம் மாறாமை மட்டும் அது தனிக்கூறு என்பதற்குச் சான்றாகாது. கோட்டை இணையாக, சம இடைவெளியில் மூன்று நிலைகளில் வைத்து, ஒரு குழுவின் மூலங்களைக் கூட்டுங்கள்: நடுநிலையின் கூட்டுத்தொகை மற்ற இரண்டின் சராசரியானால் அக்குழு முழுமையானது, அதாவது அதில் எந்தக் கூறின் புள்ளியும் விடுபடவில்லை; கோளத்துப் புள்ளி ஒன்றை மட்டும் எடுத்தால் இது பொய்த்துவிடும்.