முக்கால் அங்குலக் குழாயில் இறுகிய இரண்டு கேபிள்கள்

அமெரிக்காவில் மரச்சட்டத்தால் கட்டிய சிறு அலுவலகம் ஒன்றின் கிடங்கறையில், மின்பகிர்வுப் பேனலிலிருந்து கம்பிகளை இணைக்கும் சந்திப்புப் பெட்டி வரை சென்ற முக்கால் அங்குல ஈஎம்டி (மெல்லிய உலோக மின்குழாய்) குழாய்க்குள் 12/2 என்எம்-பி கேபிள்கள் (12 கேஜ் மின்கம்பிகள் இரண்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் கொண்ட தட்டையான கேபிள்கள்) இரண்டை இழுத்தபோது, அவை இரண்டாவது வளைவில் இறுகி நின்றதுடன் பிளாஸ்டிக் வெளியுறையும் கிழிந்தது. வழுக்குப்பசை தடவியும் மறுமுனையிலிருந்து இழுத்தும் இரண்டு நாள்கள் வீணாயின. வெளியுறையை உரித்துவிடலாம் என்றார் உடனிருந்தவர்; உள்கம்பிகளின் மேல் காப்பு வகை அச்சிடப்பட்டிராததால் அதை நான் ஏற்கவில்லை.

அமெரிக்கத் தேசிய மின்விதித் தொகுப்பின் 9ஆம் அத்தியாயக் குறிப்பு வழிகாட்டியது: தட்டையான கேபிளின் அகலத்தையே விட்டமாகக் கொண்டு வட்டப் பரப்பைக் கணக்கிட வேண்டும், இரண்டு கேபிள்களுக்குக் குழாயின் உட்பரப்பில் 31 விழுக்காடே அனுமதி. என் கேபிளின் அகலம் 0.41 அங்குலம் என்பதால் முக்கால் அங்குலக் குழாய் போதாது. ஓர் அங்குலக் குழாய் மட்டுமட்டாகப் போதும். குழாயை மாற்றியதும் கேபிள்கள் தடையின்றிச் சென்றன, பெரும் நிம்மதி.