ஹஜ்ஜில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: சுன்னத்துக்கு முண்டியடித்து ஃபர்ளைக் கோட்டை விடுவது

ஹஜ்ஜில் தவறு செய்பவர்கள் பெரும்பாலும் ஆர்வக்கோளாறில்தான் செய்கிறார்கள். எது ஃபர்ளு (கட்டாயக் கடமை), எது சுன்னத் (நபிவழி; கட்டாயமல்ல), எது யாரோ கிளப்பிவிட்ட பழக்கம் என்று பிரித்துத் தெரிந்துகொள்ளாமலே கிளம்பிவிடுகிறார்கள். அப்புறம், கஅபாவின் மூலையில் பதித்துள்ள கருங்கல்லான ஹஜருல் அஸ்வத்தை முத்தமிட நான்கு பேரை இடித்துத் தள்ளியவரே, ஹாஜிகள் கூடி நிற்க வேண்டிய அரஃபா மைதானத்தில் எல்லைக்கு வெளியே நிழல் கிடைத்ததென்று உட்கார்ந்துவிடுகிறார். முன்னது இல்லாவிட்டாலும் ஹஜ் நிறைவேறும். பின்னது தவறினால் ஹஜ்ஜே இல்லை.

முதல் தவறு வீட்டிலேயே தொடங்கிவிடும். சக்தி பெற்றவர்கள் மீதுதான் ஹஜ் கடமை என்கிறது குர்ஆன் (3:97). அடைக்க வேண்டிய கடனை அப்படியே விட்டு, வீட்டாரின் செலவுக்கும் வழி செய்யாமல், ‘அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்று புறப்படுவது தவக்குல் (இறைவனை நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தல்) ஆகாது. யமன் நாட்டிலிருந்து சிலர் இப்படித்தான் வழிக்கு எதுவும் எடுக்காமல் வந்து மக்காவில் கையேந்தினார்கள். பயணத்துக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளச் சொல்லும் வசனம் (2:197) அதையொட்டித்தான் இறங்கியது.

பணம் ஹலாலானதா என்பது அதைவிட முக்கியம். நபி (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் கிடைப்பதற்கு முன்பு மக்காவின் குறைஷி குலத்தார் கஅபாவைப் புதுப்பித்தபோது, தூய வழியில் வந்த பணம் போதவில்லை. அதனால் ஒரு பகுதியைக் கட்டாமலே விட்டார்கள். இன்று அரைவட்டச் சுவருக்குள் இருக்கும் ஹதீம் அதுதான். சிலைகளை வணங்கியவர்களுக்கே வட்டிப் பணம் இறையில்லத்துக்கு ஆகாது என்று தோன்றியிருக்கிறது. நமக்குத் தோன்ற வேண்டாமா?

ஹதீம் கஅபாவைச் சேர்ந்த பகுதி என்பதால், கூட்டத்தைத் தவிர்க்க அதற்குள் புகுந்து போனால் அந்தச் சுற்று கணக்கில் வராது. கஅபாவைச் சுற்றுவதுதான் தவாஃப். அதற்குள் நடப்பது தவாஃப் ஆகாது.

இஹ்ராமில், அதாவது ஹஜ்ஜுக்கான கட்டுப்பாட்டு நிலையில், நடக்கும் குழப்பம் தனி ரகம். வெள்ளைத் துணி உடுத்தியதுமே இஹ்ராமுக்குள் வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். நிய்யத் (மனதில் எண்ணம் கொள்ளுதல்) செய்து தல்பியா (‘லப்பைக்’ என்னும் முழக்கம்) சொல்லும்போதுதான் இஹ்ராம் தொடங்குகிறது. மக்காவுக்கு வரும் வழிகளில் வகுத்திருக்கும் மீக்காத் எல்லையைத் தாண்டுவதற்குள் அது நடந்திருக்க வேண்டும். விமானத்தில் போகிறவர்கள் துணியைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, ஜித்தாவில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், எல்லை வானத்திலேயே கடந்துபோயிருக்கும். திரும்பி மீக்காத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஓர் ஆடு அறுத்துப் பரிகாரம் செய்ய வேண்டும். மதீனாவுக்கு முதலில் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்களுக்கு மீக்காத் மதீனாவை அடுத்துள்ள துல்ஹுலைஃபா.

இன்னொரு பக்கம், தேவையில்லாத பயமும் உண்டு. செருப்பில் தையல் இருக்கிறதே, இடுப்புப் பெல்ட்டில் நூல் தெரிகிறதே என்று பதறுகிறார்கள். சட்டை, கால்சட்டை மாதிரி உடல் உறுப்புக்கேற்பத் தைத்த ஆடைதான் ஆண்களுக்குத் தடை. குளிக்கலாம், அழுக்கான இஹ்ராம் துணியை மாற்றலாம். ஆனால் வாசனை சோப்பு கூடாது. இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

ஆண்கள் வலது தோளைத் திறந்து வைப்பது மக்காவுக்கு வந்ததும் செய்யும் தவாஃபில் மட்டும் சுன்னத். இஹ்ராம் கட்டியதிலிருந்து கழற்றும் வரை தோளைத் திறந்தபடியே தொழுவது சரியல்ல. தவாஃப் முடிந்ததும் மூடிவிட வேண்டும்.

சரி, ஹஜருல் அஸ்வத்துக்கு வருவோம். ‘நீ ஒரு கல், உன்னால் தீமையும் இல்லை, நன்மையும் இல்லை என்று எனக்குத் தெரியும்; நபியவர்கள் உன்னை முத்தமிட்டதைப் பார்த்திராவிட்டால் நானும் முத்தமிட்டிருக்க மாட்டேன்’ என்றார் இரண்டாம் கலீஃபா உமர் (ரலி). அந்தக் கல்லுக்கு எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும் என்பதை இதற்கு மேல் யாரும் விளக்க முடியாது. நபியவர்களே ஒட்டகத்தில் அமர்ந்து தவாஃப் செய்து, கையிலிருந்த தடியால் அதைத் தொட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து கையால் சைகை செய்து தக்பீர் (‘அல்லாஹு அக்பர்’) சொன்னாலே போதும். முத்தமிடுவது சுன்னத், பிறருக்குத் தொல்லை கொடுப்பது ஹராம். சுன்னத்தை அடைய ஹராமில் இறங்குவது எந்தக் கணக்கு என்று புரியவில்லை. கஅபாவின் இன்னொரு மூலையான ருக்னுல் யமானியும் அப்படித்தான்: முடிந்தால் கையால் தொடலாம், முடியாவிட்டால் சைகைகூட வேண்டியதில்லை.

நெரிசலில் ஆணும் பெண்ணும் ஒருவர் மேல் ஒருவர் படாமல் இருப்பது சிரமம். ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பிரிவில்) அப்படிப் படுவது உளூவை (கழுவிப் பெறும் தூய்மையை) முறிக்கும் என்பதால் என்ன செய்வதென்று புறப்படும் முன்பே உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவாஃப் செய்யும் இடமான மதாஃபில் நின்று விவாதிப்பதற்கான விஷயமல்ல அது.

ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடக்கும் ஸஃயில் எண்ணிக்கை தவறும். ஸஃபாவிலிருந்து மர்வா போனால் ஒன்று, திரும்பினால் இரண்டு. ஏழாவது மர்வாவில் முடியும். போய்வருவதை ஒன்றாகக் கணக்கிட்டுப் பதினான்கு முறை நடந்து களைத்துப்போகிறவர்களும் உண்டு.

இப்போது அரஃபா. ‘ஹஜ் என்பதே அரஃபாதான்’ என்பது நபிமொழி. இஸ்லாமிய ஆண்டின் கடைசி மாதமான துல்ஹஜ் 9 அன்று அந்த எல்லைக்குள் இருந்தாக வேண்டும். நமிரா பள்ளிவாசலின் முன்பகுதி உரனா பள்ளத்தாக்கில், அரஃபாவுக்கு வெளியே இருக்கிறது. அங்கே லுஹரையும் அஸரையும் (நண்பகல், பிற்பகல் தொழுகைகளை) தொழுதுவிட்டு, குளுமையாக இருக்கிறதென்று மாலை வரை அங்கேயே இருந்துவிட்டுக் கிளம்பினால், பெரும்பாலான அறிஞர்களின் கருத்துப்படி ஹஜ் நிறைவேறாது. அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன, படிக்கத்தான் ஆளில்லை. இதற்கு நேர்மாறாக, ஜபலுர் ரஹ்மா குன்றின் மேல் ஏறினால்தான் தங்கல் நிறைவேறும் என்று வெயிலில் முட்டி மோதுகிறார்கள். ‘நான் இங்கே நின்றேன், அரஃபா முழுவதும் நிற்கும் இடம்தான்’ என்று நபியவர்கள் சொன்ன பிறகு அந்த ஏற்றம் எதற்கு? கூடாரத்தில் உட்கார்ந்து கிப்லாவை (கஅபாவின் திசையை) நோக்கி துஆ (பிரார்த்தனை) கேளுங்கள். பேருந்தில் இடம் பிடிக்க மஃக்ரிபுக்கு (சூரியன் மறையும் நேரத்துக்கு) முன்பே அரஃபாவை விட்டு வெளியேறவும் வேண்டாம். நபியவர்கள் சூரியன் மறையும் வரை அங்கேதான் இருந்தார்கள்.

அரஃபாவுக்குப் பின் இரவு தங்கும் முஸ்தலிஃபாவில் இறங்கியதும், தொழுகையை விட்டுவிட்டு, மினாவில் தூண்கள் மீது எறிவதற்கான கல் பொறுக்க ஓடுகிறார்கள். கல் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும் என்றில்லை, மினாவிலும் எடுக்கலாம், கழுவவும் வேண்டாம். கொண்டைக்கடலை அளவு போதும். துல்ஹஜ் 12ஆம் நாளே கிளம்புகிறவருக்கு 49, 13 வரை தங்குகிறவருக்கு 70. ஷைத்தானே எதிரில் நிற்பதாக எண்ணி செருப்பையும் குடையையும் எறிவது வணக்கத்தைக் கேலிக்கூத்தாக்கும். 2006 ஜனவரியில், 12ஆம் நாள் அவசரத்தில், கல்லெறியும் இடமான ஜமராத் பாலத்தின் வாயிலில் 300க்கும் மேற்பட்டோர் நசுங்கி இறந்தார்கள். அதன் பிறகுதான் பழைய பாலத்தை இடித்துப் பல அடுக்குப் பாலம் கட்டினார்கள். உங்கள் குழுவுக்கென ஒதுக்கிய நேரத்தை மதியுங்கள்.

பெருநாளன்று (துல்ஹஜ் 10) கல்லெறிதல், அறுத்துப் பலியிடுதல், முடி களைதல் ஆகியவற்றை முன்பின்னாகச் செய்துவிட்டதாகக் கேட்டவர்களுக்கெல்லாம் நபியவர்கள் ‘குற்றமில்லை’ என்றே பதிலளித்தார்கள். ஹனஃபி மத்ஹபில் வரிசை அவசியம், ஷாஃபிஈயில் சுன்னத். ஆகவே அடுத்த கூடாரத்துக்காரரின் ஹஜ் செல்லாது என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஹஜ்ஜில் தர்க்கம் கூடாது என்பதும் அதே 2:197 வசனம்தான்.

அனுமதி இல்லாமல் குறுக்கு வழியில் போகும் துணிச்சலைப் பக்தி என்று சொல்லக் கூடாது. 2024இல் மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் இறந்தவர்கள் 1,301 பேர் என்றும், அவர்களில் 83 சதவீதத்தினர் அனுமதியின்றி வந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. கூடாரமும் பேருந்தும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் அவர்கள்.

மாதவிடாய் வந்த பெண்கள் ஹஜ் போய்விட்டதென்று அழ வேண்டாம். நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களுக்கும் நபியவர்களோடு போன ஹஜ் பயணத்தில் வந்தது. தவாஃப் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்யும்படி நபியவர்கள் சொன்னார்கள். ஹஜ்ஜின் கட்டாயத் தவாஃபான தவாஃபுல் இஃபாளாவைச் சுத்தமான பிறகு செய்ய வேண்டும், அதை விட முடியாது. ஆனால் ஊர் திரும்பும் நேரத்தில் மாதவிடாய் வந்தால் விடைபெறும் தவாஃபான தவாஃபுல் விதா அவர்களுக்குக் கடமையில்லை. மற்றவர்களுக்கு அதுதான் மக்காவில் கடைசி வேலை. அதை முடித்துவிட்டு ஒரு நாள் கடை கடையாக ஏறி இறங்கினால் மறுபடியும் செய்ய வேண்டிவரும். கஅபாவுக்கு முதுகைக் காட்டக் கூடாதென்று பின்னோக்கி நடந்து, வாசல் வரை பிறர் காலை மிதித்துக்கொண்டே போகத் தேவையில்லை. நபியவர்கள் அப்படிச் செய்யவில்லை. திரும்பி நேராக நடந்து போகலாம்.