நீளமான ஆங்கிலச் சொற்களைப் பிரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெலிகாப்டரைப் பொருள் பார்த்து இரண்டாகப் பிரிக்கச் சொன்னால், ஹெலி, காப்டர் என்றுதான் நமக்குப் பிரிக்கத் தோன்றும். உண்மையில் அது ஹெலிகோ, ப்டர் என்ற கிரேக்கப் பகுதிகள் சேர்ந்த சொல். முதலாவதற்குச் சுருள் என்றும் அடுத்ததற்குச் சிறகு என்றும் பொருள். வாயால் சொல்லும்போதோ ஹெ, லி, காப், டர் என நான்கு அசைகள். பொருள் பிரியும் இடம் வேறு, ஒலி பிரியும் இடம் வேறு. இந்த இரண்டையும் கலப்பதுதான் முதல் தவறு.

அசை என்ற பெயரும் நம்மைக் குழப்பும். யாப்பில் கருவிளம் என்பது நிரை நிரை, அதாவது இரண்டே அசை. ஓர் உயிரொலிக்கு ஓர் அசை என்ற ஆங்கிலக் கணக்குப்படி க, ரு, வி, ளம் என்று நான்கு. எழுத்தை எண்ணியும் ஏமாறக் கூடாது. ஸ்ட்ரெங்த்ஸ் (strengths) என்பதில் ஆங்கிலத்தில் 9 எழுத்துகள், ஆனால் ஒரே அசை. நடுவில் ஓர் 'இ' சேர்த்து உச்சரித்தால் அசை கூடிவிடும்.

இவற்றையெல்லாம்விட அழுத்தத்தில், அதாவது எந்த அசையை ஓங்கிச் சொல்வது என்பதில், செய்யும் தவறுதான் பேச்சைப் புரியாமல் ஆக்குகிறது. தமிழில் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே சீராகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் அது எடுபடாது. ஃபோட்டோகிராஃப் என்பதில் அழுத்தம் முதல் அசையில். ஃபட்டாகிரஃபி என்றதும் இரண்டாவதுக்கு நகர்ந்து, முதலில் இருந்த 'ஃபோ' தேய்ந்து 'ஃப' ஆகிறது. ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதில். வேர்ச்சொல்லின் அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு பின்னொட்டை மட்டும் ஒட்டினால் கேட்பவர் திணறிப்போவார். இக், ஷன், இட்டி என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையில்தான் அழுத்தம். எலெக்ட்ரிக்கில் 'லெக்', எலெக்ட்ரிசிட்டியில் 'ட்ரி'. அரித்மெடிக் போன்ற விதிவிலக்குகளைத் தனியாக நினைவில் வைக்க வேண்டியதுதான். நெஸ், ஃபுல், மென்ட் போன்றவை அழுத்தத்தைப் பொதுவாக நகர்த்துவதில்லை.

அப்புறம், முன்னொட்டு மாதிரித் தெரிவதெல்லாம் முன்னொட்டு ஆகாது. அன்ஹேப்பியில் (unhappy) 'இல்லை' என்று பொருள்தரும் 'அன்' (un) இருக்கிறது. அங்கிளும் (uncle) ஆங்கிலத்தில் அதே இரண்டு எழுத்துகளில்தான் தொடங்குகிறது, ஆனால் அங்கே எதிர்மறை ஏதும் இல்லை. எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு சொல்லாக நிற்கிறதா, பொருள் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

சரி, அகராதியைப் பார்த்தால் போதாதா? பார்க்கலாம், ஆனால் உச்சரிப்புக் குறிப்பைப் பாருங்கள். பல அமெரிக்க அகராதிகளில் தலைச்சொல்லின் நடுவே வரும் புள்ளிகள், அச்சில் வரி முடியும்போது சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்கானவை. ஒற்றை எழுத்தை வரியின் கடைசியில் தனியே விடுவதில்லை என்பதால் அபௌட் என்ற சொல்லுக்கு அங்கே புள்ளியே இருக்காது. அசைகளோ இரண்டு.