கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நெடுந்தூர ஓட்டம்: பழகுவதும் தேறுவதும்

நெடுந்தூர ஓட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மூச்சு வாங்குவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். மூச்சு ஓரிரு மாதங்களில் வழிக்கு வந்துவிடும். எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் அப்படியல்ல. புதிய சுமைக்குத் தக்கபடி அவை தம்மை உறுதிப்படுத்திக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று தூரத்தைக் கூட்டும்போது, காலில் காயம் ஏற்படுகிறது. என் நாற்பத்திரண்டாவது வயதில் கிருஷ்ணகிரி அணைச் சாலையில் ஓடத் தொடங்கிய நான், மூன்றாவது மாதத்தில் உடல் லேசாக இருப்பதாக உணர்ந்து, வாரத்துக்கு 22 கிலோமீட்டராக இருந்த ஓட்டத்தை இரண்டே வாரங்களில் 34 ஆக்கினேன். இடது கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் தோன்றிய வலியைப் பொருட்படுத்தாமல் மேலும் பத்து நாள் ஓடியதில், அது மயிரிழை விரிசலாகிப் பத்து வாரங்கள் வீட்டில் இருக்க நேர்ந்தது. அந்த இழப்பு வேறு யாருக்கும் நேரக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

தொடங்கும் மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் நம் பகுதியில் காலை எட்டு மணிக்கே வெயில் சுடும் என்பதால், புதியவர்களுக்கு அது ஏற்ற காலமல்ல. ஆகஸ்ட் முதல் வாரத்தில் தொடங்கினால், 22 வாரங்களில், அதாவது ஜனவரித் தொடக்கத்தில், 21.1 கிலோமீட்டர் கொண்ட அரை மாரத்தானை ஓடி முடிக்கலாம். சென்னை மாரத்தான் நடப்பதும் ஜனவரியில்தான். நாற்பது வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு அல்லது குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் பரிசோதனைகளை முடித்த பிறகே தொடங்க வேண்டும்.

முதல் எட்டு வாரங்களுக்கு வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு முப்பது நிமிடம் போதும். இரண்டு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பதில் தொடங்கி, நடையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, எட்டாவது வார இறுதியில் முப்பது நிமிடமும் நிற்காமல் ஓடும் நிலைக்கு வர வேண்டும். ஒன்பதாவது வாரத்தில் மொத்தம் 16 கிலோமீட்டரும், அதில் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டமாக 6 கிலோமீட்டரும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாரத்துக்கு 3 கிலோமீட்டர் கூட்டலாம். அதில் பாதி ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் சேரட்டும். 12, 16, 20ஆவது வாரங்களில் தூரத்தைக் கூட்டாமல், முந்தைய வாரத்தைவிடக் கால் பங்கு குறைத்துவிட்டு, அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இப்படிச் சென்றால் 19ஆவது வாரத்தில் மொத்தம் 40 கிலோமீட்டரும் நீண்ட ஓட்டம் 18 கிலோமீட்டருமாக இருக்கும். கடைசி இரண்டு வாரங்களில் தூரத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுங்கள். அப்போது கால் துறுதுறுக்கும். இன்னும் ஒரு முறை ஓடிப் பார்க்கலாமே என்று தோன்றும். தயவுசெய்து ஓடாதீர்கள்.

வேகத்தை அளக்கக் கைக்கடிகாரம் தேவையில்லை. பக்கத்தில் ஓடி வருபவரிடம் இரண்டு மூன்று வாக்கியங்களைத் தடையின்றிப் பேச முடிந்தால் அதுவே சரியான வேகம். ஐந்தில் நான்கு ஓட்டங்கள் இந்த வேகத்தில்தான் இருக்க வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலையில் ஓடவே கூடாது. கிரானைட் ஏற்றிச் செல்லும் லாரிகள் ஓடுகிற சாலைகளும் அப்படியே. ஏரிக்கரைகளும், மாந்தோப்புகளை ஒட்டிய மண் பாதைகளும் காலுக்கு இதமானவை. ஆனால் நெருஞ்சியும் கருவேல முள்ளும் கிடக்கும் என்பதால், அடிப்பகுதி தடித்த ஷூ வேண்டும். விரல் முன்னே இடிக்காதபடி, அரை அளவு பெரியதாக வாங்குங்கள். தார்ச் சாலையில் ஓடுவதானால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக ஓடுங்கள். ஆனால் சாலை ஓரம் சரிந்திருப்பதால் ஒரு கால் தாழ்ந்தே விழும், ஆகவே வண்டி வராத இடங்களில் நடுப்பகுதிக்கு வருவது நல்லது. நாய் குரைத்து வந்தால் ஓடாமல் நின்று, பிறகு நடந்து கடந்து செல்லுங்கள்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் மலைச் சாலையைப் பார்த்துப் பலருக்கு ஆசை வருகிறது. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குவதால், மேட்டில் ஏறுவதைவிட அதிகமாகத் தசை இழைகள் சிதையும். மூச்சு வாங்காததால் அது அப்போது தெரியாது, மறுநாள் படி இறங்க முடியாதபோதுதான் தெரியும். அது யானை நடமாடும் காடும்கூட. அங்கேயும் அஞ்செட்டிப் பக்கத்திலும் இருட்டில் ஓடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரண்டு மாவட்டங்களிலும் இருப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். இங்குள்ள நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டி இருக்கிறது; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஓடுகிறவர் மற்றவர்களைவிட அதிகமாகக் குடிப்பதால், ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பியிருந்தால் அவர் உடலில் சேரும் ஃபுளோரைடும் அதிகம். காய்ச்சினால் அது போகாது. மேலும், அதனால் வரும் எலும்பு வலியும் மூட்டு இறுக்கமும் ஓட்டத்தால் வந்தவை போலவே தோன்றும். எனவே குழாயில் வரும் காவிரி நீரைக் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குடிப்பது என்பதை, ஒரு நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று பொருள். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்து இரத்தத்தில் சோடியம் குறைவது உயிருக்கே ஆபத்தானது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாட்களில் உப்புச் சேர்த்த மோரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ நல்லது. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது.

கேழ்வரகு நம் உணவு. 100 கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்துக் கொண்டது. ஆனால் நார்ச்சத்து மிகுந்த களியை நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய இரவில் உண்டால், மறுநாள் வழியில் வயிறு தொல்லை தரும். அந்த இரவுக்கு இட்லியோ சோறோ போதும். ஓடி வந்த பிறகு, தயிர் கரைத்த கேழ்வரகுக் கூழும் இரண்டு முட்டையும் அல்லது ஒரு கிண்ணம் சுண்டலும் எடுத்துக்கொண்டால், தீர்ந்துபோன மாவுச்சத்தும் தசைக்கு வேண்டிய புரதமும் ஒன்றாகக் கிடைக்கும்.

உடல் வலுப்பெறுவது ஓடும்போதல்ல, அதன் பிறகு வரும் ஓய்வில்தான். ஓடி முடித்ததும் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். தசை வலி அடுத்த மூன்று நாட்களுக்குள் உச்சத்துக்கு வந்து தணியும். அந்த நாட்களில் நடையும், ஏழு எட்டு மணி நேரத் தூக்கமும் வேறெந்த மருந்தையும்விடப் பயன் தரும். நல்லெண்ணெய் தேய்த்து இதமாக நீவிவிடலாம். வீங்கிய இடத்தை அழுத்தக் கூடாது. ஓடுவதற்கு முன்போ ஓட்டத்தின் நடுவிலோ வலி மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள். நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

குதிகால் நாணை வலுப்படுத்த வாசற்படியே போதும். முன்பாதம் மட்டும் படியின் விளிம்பில் இருக்க, சுவரில் கை வைத்து நின்று, இரண்டு காலாலும் மேலே எழும்புங்கள். பிறகு ஒரு காலை எடுத்துவிட்டு, மற்றக் காலின் குதிகாலை மூன்று எண்ணும் நேரத்தில் படிமட்டத்துக்குக் கீழே மெதுவாக இறக்குங்கள். காலுக்குப் பதினைந்து வீதம் மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

முன்னெலும்பு வலித்தால், கட்டை விரலால் அதன் உள்விளிம்பைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி அழுத்திக்கொண்டே வாருங்கள். வலி நான்கு விரல் அகலத்துக்கு மேல் பரவியிருந்தால் பெரும்பாலும் அது எலும்பின் மேலுறையைச் சார்ந்த எரிச்சல். தூரத்தைப் பாதியாக்கி ஒரு வாரம் கவனியுங்கள். ஒரு ரூபாய் நாணய அளவுள்ள ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தாலும், இரவில் படுத்திருக்கும்போது வலித்தாலும், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம்; என் எக்ஸ்ரேயைப் பார்த்தும் ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். நெஞ்சு இறுக்கம், மயக்கம், கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர் ஆகிய மூன்றில் எது தோன்றினாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அரை மாரத்தானுக்குப் பிறகு முதல் வாரம் நடை மட்டும். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருபது நிமிட மெல்லோட்டம். மூன்றாவது வாரத்தில் பழைய தூரத்தில் பாதி ஓடி, மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலோ முன்னெலும்போ வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் இரண்டாவது வாரத்தை மீண்டும் ஒரு முறை செய்யுங்கள்.