ஜப்பானியச் சொல்லும் தமிழ்க் கையும்

கோடம்பாக்கத்தில் சனிக்கிழமை மாலை ஜப்பானிய வகுப்பு. கடைசி வரிசையில் ஒரு பையன் சொற்பட்டியலை முணுமுணுத்தபடி, ஏதோ உண்டியலில் காசு போடுவதுபோலக் கையைத் தாழ்த்திக்கொண்டிருந்தான். பழைய என்னையே பார்த்ததுபோல் இருந்தது. சைகையோடு சொல் படிப்பது நல்ல பழக்கம்தான். அதைக் கெடுக்கும் வழிகளும் இருக்கின்றன.

‘போடு’ என்று கையை வைப்பது

சட்டை, செருப்பு, தொப்பி, கண்ணாடி எல்லாவற்றையும் நாம் ‘போட்டு’க்கொள்கிறோம். ஜப்பானியத்தில் அது நடக்காது. சட்டைக்கு ‘கிரு’. பேன்ட், ஷூ என இடுப்புக்குக் கீழே போனால் ‘ஹகு’. தலைக்கு ‘கபுரு’. கண்ணாடிக்கு ‘ககெரு’. நான்குக்கும் அதே உண்டியல் சைகையோடுதான் நெட்டுருப் போட்டேன். கைக்குத் தமிழ்தான் நினைவில் நின்றது.

ஒரகடத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நேர்காணல். பாதுகாப்பு விதிகளைச் சொல்லச் சொன்னார்கள். ஹெல்மெட் அணியுங்கள் என்று சொல்வதாக நினைத்து “ஹெருமெத்தோ ஓ கித்தெ குதசாய்” என்றேன். அங்கே வர வேண்டியது ‘கபுரு’. அது போதாதென்று, ‘கிரு’வுக்கு வெட்டு என்றும் பொருள் உண்டு, ஒற்று மிகாமல் ‘கிதெ’ என்றால் அணியுங்கள், மிகுந்து ‘கித்தெ’ என்றால் வெட்டுங்கள். ஹெல்மெட்டை வெட்டச் சொல்லியிருக்கிறேன்! அடுத்து ஷூவையும் விட்டுவைக்கவில்லை. எதிரே இருந்த ஜப்பானியர் சிரிக்கக்கூட இல்லை, பேனாவை மூடினார். இன்றும் ஒரகடம் பஸ்ஸைக் கண்டால் எரிச்சல் வருகிறது.

2009இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்பென்சர் கெல்லி குழுவினர் ஆங்கிலம் பேசுவோருக்கு ஜப்பானிய வினைச்சொற்களைக் கற்பித்துப் பார்த்தார்கள். பொருளோடு ஒத்துப்போகும் சைகையுடன் படித்தவை நன்றாக நினைவில் தங்கின. முரணான சைகையுடன் படித்தவை எல்லாவற்றிலும் மோசம். அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

ஆகவே ‘கிரு’வுக்குச் சட்டைக் கைக்குள் கையை நுழையுங்கள். ‘ஹகு’வுக்குக் குனிந்து, பாதத்திலிருந்து மேலே இழுங்கள். ‘கபுரு’வுக்கு உச்சந்தலையில் கவிழ்த்துங்கள். ‘ககெரு’வுக்குக் காதில் மாட்டுங்கள். வெட்டுகிற ‘கிரு’வுக்கு உள்ளங்கையில் வாழைக்காய் நறுக்குங்கள்.

ஆசிரியர் செய்வதைப் பார்த்தால் போதுமா?

பார்ப்பதும் உதவும். தேர்வறைக்கு அவர் வரமாட்டார்.

எல்லாச் சொல்லுக்கும் சைகை தேடுவது

‘கெய்ஸாய்’ என்றால் பொருளாதாரம். அதற்குக் கையில் என்ன செய்வது என்று அரைமணி நேரம் யோசித்த மாணவியை அறிவேன். அதற்குள் பத்து முறை எழுதிப் பார்த்திருக்கலாம்.

கூச்சம்

மெட்ரோவில் வெட்கமாக இருந்தால், மடியில் பையை வைத்து அதன் அடியில் செய்யுங்கள்.