"மயக்க மருந்து அலர்ஜி" என்று மட்டும் சொல்லாதீர்கள்

சிங்கப்பூரில் அறுவை சிகிச்சைக்கு முன்பு நோயாளிகளிடம் விவரம் கேட்டு எழுதிக்கொள்ளும் தாதி நான். தேக்கா பக்கமிருந்து வந்த ஓர் அம்மா, "எனக்கு மயக்க மருந்து அலர்ஜி" என்றார். என்ன ஆனது என்று கேட்டேன். "கோயம்புத்தூர்ல பித்தப்பை ஆபரேஷன் முடிஞ்சும் எந்திரிக்கல. மூணு மணி நேரம் மெஷின்லதான் மூச்சு." தடிப்பு, அரிப்பு, முகவீக்கம்? எதுவும் இல்லையாம்.

அப்படியென்றால் அது அலர்ஜியாக இருக்க வாய்ப்பு குறைவு. தொண்டையில் குழாய் போடுவதற்காகச் சக்சமெத்தோனியம் என்ற தசைத் தளர்வு மருந்தைக் கொடுப்பதுண்டு. ஈரல் உண்டாக்கும் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை இரத்தத்திலேயே உடைத்துவிடும். 5 முதல் 10 நிமிடத்தில் தசைகள் பழையபடி இயங்கும். பிறவியிலேயே அந்த நொதி சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இது பல மணி நேரம் இழுக்கும். மயக்கம் தெளிந்தாலும் கண் இமையைக்கூட அசைக்க முடியாது. அதனால்தான் மருந்தின் வேகம் தணியும்வரை தூங்கவைத்து, மூச்சுக்கருவியில் வைத்திருக்கிறார்கள். பொறுமையாகப் பார்த்துக்கொண்டால் முழுதாகச் சரியாகிவிடும்.

"அலர்ஜி" என்று மட்டும் எழுதிவைத்தால் எந்த மருந்து என்பது யாருக்கும் தெரியாது. அடுத்த மருத்துவர் வேறு எதையோ தவிர்த்துவிட்டு இதையே கொடுத்துவிடலாம். கோயம்புத்தூரில் நடந்தது சிங்கப்பூரின் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவிலும் இருக்காது. பழைய டிஸ்சார்ஜ் காகிதம் மஞ்சள் பையில் மக்கிக் கிடந்தாலும் தேடி எடுங்கள்.

இன்னொரு குழப்பம் இங்கே அடிக்கடி வரும். "நொதிக் குறைபாடா? பிறந்தப்பவே டெஸ்ட் பண்ணிட்டாங்களே!" அது ஜி6பிடி என்ற நொதி. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பார்ப்பது அதைத்தான், பாச்சை உருண்டை ஆகாது என்பார்களே, அதே. இது வேறு நொதி. ஆபரேஷனுக்கு முன் வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையிலும் இது வராது. தனியாகக் கேட்க வேண்டும். அதில் நொதியின் தரத்தைக் காட்டும் டிபுகெய்ன் எண் என்று ஒன்று பார்ப்பார்கள். சாதாரணமாக 80 அளவில் இருக்கும். இந்தக் குறைபாட்டின் பரவலான வகையில் 20 அளவுக்கு இறங்கிவிடும்.

"முன்னாடி ஆபரேஷன் செஞ்சப்ப ஒண்ணும் ஆகலையே" என்பதையும் நம்பாதீர்கள். அப்போது இந்த மருந்தே கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

எனக்கு உறுத்துவது உடன்பிறந்தவர்களிடம் சொல்லாமல் விடுவதுதான். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது முழுதாக வெளிப்படும். ஆகவே அண்ணன், தங்கை ஒவ்வொருவருக்கும் பொதுவாக நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நம்மூர்ப் பக்கம் சொந்தத்தில் கட்டுவதும் அதிகம். ஆரிய வைசியர் சமூகத்தில் இது கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. கல்யாணப் பேச்சில் தடங்கல் வருமோ என்று மறைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அன்றாட வாழ்வில் எந்தத் தொல்லையும் தராத ஒன்றை எதற்கு மறைக்க வேண்டும்?

பயந்து அறுவையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். ரோகுரோனியம் போன்ற வேறு தசைத் தளர்வு மருந்துகளுக்கு இந்த நொதி தேவையில்லை. முக்கியமாகத் தவிர்க்க வேண்டியவை சக்சமெத்தோனியமும், இதே நொதியால் உடையும் மிவாகுரியம் என்ற தசைத் தளர்வு மருந்தும்தான்.

மறுநாள் அந்த அம்மா வாட்ஸ்அப்பில் வந்த பழைய காகிதத்தைக் காட்டினார். மூலையில் கிறுக்கலாக "ஸ்கோலின் அப்னியா". ஸ்கோலின் என்பது இந்தியாவில் சக்சமெத்தோனியத்துக்குப் புழங்கும் பெயர்; அப்னியா என்றால் மூச்சு நின்றுபோவது. அலர்ஜி என்ற சொல்லை அடித்துவிட்டு அதை எழுதினேன். அதற்குள் அவர் ஈசூனிலிருக்கும் தம்பிக்கு போன் போட ஆரம்பித்திருந்தார்.